திருப்பிச் சொல்ல மாட்டேன் என்றவள்

எங்கள் குடியிருப்பில் கோபம் வராதவர்களுக்குத்தான் மரியாதை. ரொட்டிக்காரிக்கு மூக்கின் மேல் கோபம். அதை வைத்துக்கொண்டே அவள் இங்கே இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தாள் என்றால், அவள் சுட்ட ரொட்டி அப்படி.

நாங்கள் நாற்பது குடும்பம். கல்லுடைத்துத் தீர்ந்துபோன ஒரு மலைச்சரிவை வாங்கி, மரம் நட்டு, மண்சுவர் எழுப்பி, வெயிலில் விளக்கெரித்து, எங்கள் கழிவை நாங்களே எருவாக்கிக்கொண்டு வாழ்கிறோம். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, வீட்டுக்குப் பூட்டு கிடையாது. விடுமுறை நாட்களில் வெளியாட்கள் வந்து வாயைப் பிளந்துகொண்டு சுற்றிப் பார்ப்பார்கள். "எப்படிங்க சண்டையே இல்லாம இருக்கீங்க?" என்று கேட்பார்கள். இல்லாமல் என்ன, எல்லாம் இருக்கிறது. சத்தம்தான் வெளியே கேட்காது. நான் இங்கே தையற்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். யார் வீட்டில் எது கிழிந்திருக்கிறது என்று ஓரளவு எனக்குத் தெரியும்.

ரொட்டிக்காரி வந்தபோது இங்கே சில கூடாரங்களும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான். நகரத்தில் பெரிய பேக்கரி ஒன்றில் வேலை பார்த்தவள், முதலாளியிடம் சண்டை போட்டுவிட்டு ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். வந்த கையோடு மண்ணைக் குழைத்து அடுப்புக் கட்ட ஆரம்பித்தாள். முதல் அடுப்பு வெடித்தது. அடுத்தது புகைந்தே செத்தது. அதற்கடுத்துக் கட்டியதுதான் இன்றைக்கும் நிற்கிறது. ஒரு ஆள் உள்ளே கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரியது. அதை ஒட்டியே தனக்கு ஒரு வீட்டையும் கட்டிக்கொண்டாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதைப் பூசும்போது என்னை வேலை வாங்கினாளே, அப்பப்பா. "அக்கா, சுவர என்ன கன்னுக்குட்டியா, தடவிக் குடுக்கறீங்க? அறைஞ்சு பூசுங்க" என்பாள். நாளெல்லாம் திட்டிவிட்டுச் சாயங்காலம் முதல் ரொட்டியை என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவாள்.

அவள் கணவர் பிறகு வந்தவர். தேனீ வளர்க்கச் சொல்லித்தர வந்து, அப்படியே தங்கிவிட்டார். தேனீக்காரர் என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். குரலை உயர்த்தவே மாட்டார். நடக்கும்போது எறும்பைப் பார்த்துக் காலை வைப்பார். தேனீ கொட்டினால்கூடத் தேனீக்காகத்தான் வருத்தப்படுவார், "பாவம், கொட்டினா அது செத்துப்போயிடுமே" என்று. எங்கள் ஆட்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இந்த முரட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு தங்கமான மனுஷன் அமைந்தாரே என்று கல்யாணத்தில் எல்லாருக்கும் பூரிப்பு. எனக்கும்தான். ஒரு மகள் பிறந்தாள்.

எங்கள் ஆட்சிமுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வட்டக் கூடம் ஒன்று இருக்கிறது. எந்தக் காரியமானாலும் அங்கே எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். கை தூக்கி எண்ணுகிற வேலை கிடையாது. கடைசி ஆள்வரைக்கும் 'சம்மதம்' என்று சொன்னால்தான் காரியம் நடக்கும். ஆரம்பத்தில் அப்படி இல்லை. அப்போது கிணறு வெட்டுகிற மாமா ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் வசவு. அவரை வெளியே அனுப்பிவிடலாம் என்று பெரும்பாலானவர்கள் கை தூக்கினார்கள். ரொட்டிக்காரி எழுந்து, "பத்துப் பேர் சேந்து ஒருத்தர வெளிய தள்றதுக்கு எதுக்குங்க இவ்ளோ மரம் நட்டோம்? அத வெளியிலயே பண்ணிட்டிருக்கலாமே" என்று கேட்டாள். தூக்கிய கைகள் இறங்கின. அன்றைக்கு வந்ததுதான் எங்கள் பெரிய விதி: எல்லாரும் சம்மதிக்காமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. எல்லாரும் என்றால் அந்த ஆளும் சேர்த்து. மாமா இங்கேயே இருந்து, இங்கேயே கண்ணை மூடினார். கடைசி நாட்களில் அவருக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டிவிட்டது அவள்தான்.

எதிரொலி என்ற வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. மணிக்காரர் எங்கோ போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்து தொடங்கி வைத்தார். அவர் வட்டத்தை நடத்துகிற வயதானவர்; கையில் ஒரு சின்ன வெண்கல மணி இருக்கும்; பேச்சு தடம் மாறினால் அதை ஆட்டுவார். இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் என்றால் வட்டத்தின் நடுவே எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் தன் மனசில் இருப்பதைச் சொல்ல, மற்றவர் அதை அப்படியே தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். 'சரியாச் சொன்னீங்க' என்று முதல் ஆள் ஒப்புக்கொண்ட பிறகு முறை மாறும். 'நீ' என்றோ 'இவர்' என்றோ தொடங்கக் கூடாது, 'எனக்கு' என்றுதான் தொடங்க வேண்டும். குற்றவாளி என்று யாரும் இல்லை, காயம்பட்டவர்கள்தான் உண்டு என்பது மணிக்காரர் வாக்கு. எதிரொலியை முடிக்காதவர்களுக்கு அதுவரை வட்டத்தில் சம்மதம் சொல்ல உரிமை கிடையாது. மனசில் கசப்பை வைத்துக்கொண்டு ஊர்க்காரியத்தில் தலையிடக் கூடாதாம். உள்ளதைச் சொல்ல வேண்டும், சின்னச் சண்டைகளுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. என் கோழி அடுத்தவர் பாத்தியைக் கிளறியபோது நானே அதில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே எழுந்து வந்தவள்.

அவள் கையை நான் பார்த்தது தையற்கூடத்தில். புதுச் சட்டைக்கு அளவெடுக்கும்போது தோளுக்குக் கீழே வரிசையாக நான்கு தடம். ரொட்டி சுடுகிறவர்களுக்குக் கையெல்லாம் சூட்டுத் தழும்பு இருக்கும், அவளுக்கும் இருந்தது. ஆனால் அடுப்புக்கு விரல் கிடையாதே.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்ல அக்கா. நீங்க அளவெடுங்க."

"அவரா?"

அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். ஊரையே ஏசுகிற வாய் அது. அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. எங்களுக்கு நடுவே இருந்தது ஒரே சுவர், ஒரு நாள்கூட ஒரு சத்தம் கேட்டதில்லை. மண்சுவர் கனமானது என்பது ஒன்று. அந்த ஆள் கத்தாமல் அடிக்கிறவர் என்பது இன்னொன்று.

கொஞ்ச நாளில் மணிக்கட்டு உடைந்தது. வெளியாட்கள் கூட்டமாக வந்திருந்த ஒரு மத்தியானம், அடுப்புக்குப் பக்கத்தில் கூட்டம் போடாதீர்கள் என்று அவள் கத்தியிருக்கிறாள். மெதுவாகப் பேசு என்று அவர் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் முன்னாலேயே அவரையும் ஒரு வாங்கு வாங்கியிருக்கிறாள். அவர்கள் போனதும் அவர் ரொட்டிக்கூடத்தின் கதவைச் சாத்தினாராம். ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுகிற நீள மரத்துடுப்பை எடுத்தாராம்.

"கைய மேடைமேல வைன்னாரு. வெச்சேன் அக்கா" என்றாள் என்னிடம்.

"நீ ஏன்டி வெச்ச?"

"எனக்குக் கோபம் வரும்னுதான் எல்லாருக்கும் தெரியும். அவர் மெதுவாப் பேச ஆரம்பிச்சா எனக்கு ஒண்ணுமே வராது. கால்கூட நகராது."

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்டதற்கு அடுப்புக் கதவு விழுந்துவிட்டது என்றாள். வெளியே வந்ததும் அவளைப் பிடித்து உலுக்கினேன். இப்போதே காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். அவள் மசியவில்லை.

"நம்ம வட்டம் இருக்குல்ல அக்கா. போலீஸ் கேஸுன்னு போனா நம்ம ஊரு சந்தி சிரிச்சுப்போயிடும். இத்தன வருஷம் கட்டினது எல்லாம் போச்சு. நான் வட்டத்துலயே சொல்றேன். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். அவர் போகட்டும். நானும் பாப்பாவும் அந்த வீட்டுல இருக்கணும். அந்த அடுப்ப விட்டா எனக்கு என்ன தெரியும்?"

அவள் கேட்டது அவ்வளவுதான்.

வட்டம் கூடியது. நடுவே இரண்டு மணைகள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இவள்; எதிரே முதுகு நிமிர்ந்து, கண் தாழ்த்தி அவர். குழந்தைகளும் வட்டத்தில் உட்காருவது எங்கள் வழக்கம் என்பதால் மகளும் இருந்தாள், என் பக்கத்தில்.

"இவர் என் கைய ஒடச்சாரு" என்று ஆரம்பித்தாள்.

மணி ஒலித்தது. "'இவர்'னு ஆரம்பிச்சா குத்தம் சாட்டற மாதிரி ஆயிடும்மா. 'எனக்கு'ன்னு சொல்லுங்க" என்றார் மணிக்காரர், கனிவாக.

"எனக்கு இவர் கைய ஒடச்சாரு."

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மறுபடி மணி. "உங்களுக்கு என்ன தோணுச்சு, அதச் சொல்லுங்க."

"கை ஒடஞ்சிருக்குங்க. இதுல தோணறதுக்கு என்ன இருக்கு? எக்ஸ்ரே எடுத்து வெச்சிருக்கேன்."

ஒருவழியாகத் தட்டுத்தடுமாறி, எனக்குப் பயமாக இருக்கிறது, அந்த வீட்டில் இவரோடு இருக்க முடியாது என்று சொல்லி முடித்தாள். இப்போது அவர் முறை. அந்த மனுஷன் அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நீ கட்டின வீட்டுலயே உனக்குப் பாதுகாப்பு இல்லன்னு இருக்கு. ஊருக்கே சோறு போடற கை இப்போ உன் மடியில கெடக்குது. அதவிட, ஊரே என்னை நல்லவன்னு சொல்லும்போது உனக்கு வலிக்குது. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்களோன்னு இத்தன நாள் தனியாவே பயந்துக்கிட்டு இருந்திருக்க."

கூடத்தில் விசும்பல் கேட்டது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்த எரிச்சலை இன்றைக்குவரை என்னால் விழுங்க முடியவில்லை. அவள் மனசில் இருந்ததை அவளைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நான் அடித்தேன் என்று அதில் எங்கேயும் இல்லை. அதைக் கவனித்தவர்கள் எத்தனை பேரோ.

"சரியாச் சொன்னாராம்மா?" என்று மணிக்காரர் கேட்டார்.

அவள் பொய் பேசத் தெரியாதவள். "சரியாத்தான் சொன்னாரு" என்றாள்.

பிறகு அவர் தன் பக்கத்தைச் சொன்னார். "எனக்குச் சின்ன வயசுலேருந்தே சத்தம்னா பயம். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அந்தச் சத்தம் வந்தப்போ நான் ஒண்ணுமில்லாதவனா ஆயிட்டேன். அந்த நேரத்துல என் கை என்கிட்ட இல்ல. எனக்கும் அது காயம்தான்."

இவள் திருப்பிச் சொல்ல வேண்டும். கூடமே காத்திருந்தது.

"அவருக்குச் சத்தம்னா பயம்" என்றாள்.

"ம். அப்புறம்?"

"நான் கத்தினதால..." நிறுத்தினாள். நெற்றியில் வேர்த்திருந்தது. "நான் கத்தினதால அவரோட கை..."

"மெதுவாச் சொல்லுங்கம்மா. அவசரமில்ல."

"மாட்டேன். என் வாயால அத நான் சொல்ல மாட்டேன்."

"ஒத்துக்கச் சொல்லலம்மா. காதுல வாங்கினீங்கன்னு காட்டத்தான்."

"வாங்கினேன். நல்லாவே வாங்கினேன். சொல்ல மாட்டேன்."

அடுத்த வட்டத்திலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே. ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாக, இன்னும் உருக்கமாக இவள் வலியைச் சொல்வார்; இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊர்ப்பேச்சு மெல்லத் திரும்பியது. "அவர் எவ்ளோ இறங்கி வர்றாரு, இவங்க ஒரு வார்த்த விட்டுக்குடுக்க மாட்டேங்கறாங்களே" என்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. உடைந்த கையைவிட, முடியாமல் நிற்கிற எதிரொலி அவர்களுக்குப் பெரிய கவலையாகிவிட்டது, அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் எழுந்து நின்று, தேனீக்காரரை வெளியே அனுப்ப வேண்டும் என்று வட்டத்தின் முன் வைத்தேன். பலர் சம்மதம் என்றார்கள், சிலர் தயங்கிவிட்டுச் சம்மதம் என்றார்கள். அவர் முறை வந்தது. விதிப்படி அவரையும் கேட்க வேண்டுமே.

"எனக்கு அதுல சம்மதம் இல்லைங்க" என்றார், கைகூப்பி. "ஆனா உங்க கோபம் எனக்குக் கேக்குது அக்கா."

முடிந்தது. ரொட்டிக்காரியைக் கேட்கவே இல்லை. அவள் எதிரொலி பாக்கி இருக்கிறதே, அவளுக்கு ஏது சம்மதம்? அவர் தன் பங்கை முழுசாக முடித்தவர், அவருக்கு உரிமை உண்டு. கிணற்று மாமாவுக்காக அவள் கொண்டுவந்த விதி இந்த ஆளைப் பத்திரமாக வைத்திருந்தது. அவள் எழுந்து வெளியே போனாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இருவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம், அவள் மனசு தயாராகும்வரை விருந்தினர் அறையில் தங்கட்டும் என்று வட்டம் முடிவு செய்தது. அவள் கட்டிய வீட்டில் அவர் இருந்தார். கை கூடும்வரை ரொட்டி வேலையைத் தோட்டத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ரொட்டி செங்கல்லாக வந்தது. அதைக் குறை சொல்ல வேண்டுமானால் 'எனக்கு' என்று தொடங்க வேண்டுமே, எதற்கு வம்பு என்று எல்லாரும் பல் வலியோடு சாப்பிட்டார்கள்.

மணிக்கட்டு கூடியது, கோணலாக. மாவு பிசைய முடியவில்லை. ஒரு மாலை நேரம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, நான் கெளம்பறேன்" என்றாள். மகளைக் கூட்டிப்போக அவர் மறுக்கவில்லை. "அம்மாகூட இருக்கறதுதான் அவளுக்கு நல்லது" என்று வட்டத்தில் சொல்லி, அதற்கும் ஒரு பாராட்டு வாங்கிக்கொண்டார். போகும் அன்று சிலர் வாசல்வரை வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். "உங்க முடிவ நாங்க மதிக்கறோம்" என்றார் மணிக்காரர், உண்மையான கண்ணீரோடு.

"இது என் முடிவு இல்லைங்க" என்றாள் அவள்.

பஸ் நிற்கிற இடம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். "அடுப்ப இடிச்சுப் போட்டுட்டு வரணும்னு காலைல போனேன் அக்கா. உள்ள ரொட்டி வெந்துக்கிட்டு இருந்துச்சு. விட்டுட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மணிக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டது. வட்டத்தை நடத்த வேறு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது எல்லார் வாயிலும் வந்தது தேனீக்காரர் பெயர்தான். அவரைப் போல அடுத்தவர் வலியைக் கேட்கத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்றார்கள். நான் சம்மதம் இல்லை என்றேன். அப்படியானால் அவரோடு எதிரொலியில் உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். என் வெறுப்பை வரி பிசகாமல் திருப்பிச் சொன்னார், நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல என் நாக்கு புரளவில்லை. ஆக, என் சம்மதமும் தேவையில்லாமல் போனது. மணி அவர் கைக்குப் போனது. எதிர்ப்பே இல்லாமல் எடுத்த முடிவு என்று வெளியாட்களிடம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். எனக்குப் போக வேறு இடம் இல்லை.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். நகரத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. பேக்கரி ஒன்றில் பொட்டலம் கட்டுகிற வேலை. இடது கையால் கட்டப் பழகிக்கொண்டிருக்கிறாள். மகளுக்குத் தைத்துக்கொண்டு போன பாவாடையைக் கொடுத்தேன். மூன்று பேரும் தரையில் தட்டு வைத்துச் சாப்பிட உட்கார்ந்தோம். அடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். விரிசல் விட்டிருக்கிறது என்றேன். மணி இப்போது யாரிடம் என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், பஸ் நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டவளைப் போல.

மகள் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தவள், "அம்மா" என்றாள். "அன்னிக்கு நீ அப்பா சொன்னத சரியாத் திருப்பிச் சொல்லியிருந்தா, நம்ம அங்கயே இருந்திருக்கலாம்ல?"

இவள் இப்போது ஒரு அதட்டுப் போடுவாள், அந்தப் பழைய குரல் வரும், வர வேண்டும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மகளின் தட்டைப் பார்த்தாள். கோணல் கையால் அதைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஆமாடா, இருந்திருக்கலாம்" என்றாள், மெதுவாக. "நீ சாப்பிடு."